கண்காணிப்பாளர் என்று ஒரு பதவி

சென்ற ஆடியில் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். இது நான்காவது ஆண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "மாமா, உங்க ஆபீஸ்ல எல்லாம் நெஜமா என்னதான் பாப்பீங்க? நாலு வருஷத்துல நிர்வாகத்துலேர்ந்து ஒரு ஆள் எங்க லேபுக்குள்ள வந்ததில்ல. ஆனா ஒரு கையெழுத்து இல்லாம பைப்பெட் டிப்கூட வாங்க முடியல" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் ஊருக்குத் திரும்பிய பிறகும் கேள்வி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, நடுவில் தேர்வுப் பிரிவுக்கும் தொலைநிலைக் கல்விக்கும் மாற்றப்பட்டு, மறுபடியும் ஆராய்ச்சிப் பிரிவுக்கே கண்காணிப்பாளராக வந்து, 2023 செப்டம்பரில் அங்கிருந்தே ஓய்வுபெற்றவன் நான். கண்காணிப்பாளர் என்றால் வெளியில் இருப்பவர்கள் காவல் துறையா, சிறைத் துறையா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, நான்கு உதவியாளர்கள், ஒரு தட்டச்சர், இரண்டு இரும்பு பீரோ, சன்னல் வரை அடுக்கப்பட்ட கோப்புகள் ஆகியவற்றுக்கு நடுவில் இருக்கும் நாற்காலி அது. பேராசிரியர்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் ஆய்வுத் திட்டங்கள், அவற்றின் பணம், அந்தப் பணத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள், முனைவர் பட்டப் பதிவுகள், நெறிமுறைக் குழுக்கள் எல்லாம் அந்த நாற்காலி வழியாகத்தான் பதிவாளருக்கும் துணைவேந்தருக்கும் போயாக வேண்டும். பதவியின் பெயரிலேயே கண் இருக்கிறது. அந்தக் கண் எதைப் பார்த்தது என்பதைத்தான் அக்கா மகள் கேட்டாள்.

ஒரு திட்டத்தின் கோப்பு எப்போது பிறக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பேராசிரியர் ஒருவர் தில்லியிலுள்ள நிதி அமைப்பு ஒன்றுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கிறார். என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் அது பெரும்பாலும் எஸ்.இ.ஆர்.பி. என்று நாங்கள் சுருக்கிச் சொன்ன அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமாக இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அது இப்போது கரைந்துவிட்டது. விண்ணப்பத்துடன் நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் ஒன்று இணைக்கப்பட வேண்டும். இடம், மின்சாரம், தண்ணீர், ஏற்கெனவே உள்ள கருவிகள் ஆகிய அடிப்படை வசதிகளைப் பல்கலைக்கழகம் தரும், திட்டத்தின் நிதிப் பொறுப்பையும் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்கும் என்பது அக்கடிதத்தின் சாரம். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குப் பேராசிரியர் மூச்சிரைக்க ஓடி வருவார். பதிவாளர் செனட் கூட்டத்தில் இருப்பார். நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்ட அரங்கின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், அவருடைய முழங்கைக்கு அருகில் கடிதத்தை வைத்து, கையொப்பம் வாங்கி வருவேன்.

அப்படி வாங்கிய கடிதங்கள் எத்தனை நூறு என்று கணக்கில்லை. அவற்றில் ஒன்றிலாவது, இந்தத் துறையில் அப்படியோர் அறை காலியாக இருக்கிறதா, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வந்தால் அந்தக் கட்டடத்தின் மின்பளு தாங்குமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பல்கலைக்கழகம் தன் ஆய்வாளருக்குக் கொடுக்கும் முதல் வாக்குறுதி அது; அதைப் பார்க்காமலே கொடுத்தோம். வந்த உறைபெட்டி அறை இல்லாமல் எட்டு மாதம் தாழ்வாரத்தில் மரச்சட்டத்தோடு நின்று, அதன் உத்தரவாதக் காலம் பாதி கரைந்த பிறகே மின் இணைப்பு பெற்ற கதையும் எங்களிடம் உண்டு.

திட்டம் கிடைத்துவிட்டால் அனுமதி ஆணை வரும். கருவிகளுக்கு இவ்வளவு, ஆய்வு உதவியாளரின் சம்பளத்துக்கு இவ்வளவு, வேதிப்பொருட்கள், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு என்று ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தொகை. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் தில்லியின் அனுமதி வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் பொது நிதி விதிகள் 2017இன் படிவம் 12-ஏ வடிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், கூடவே செலவு அறிக்கை. இரண்டிலும் ஆய்வாளர், நிதி அலுவலர், பதிவாளர் மூவரின் கையொப்பம். பல்கலைக்கழகத்தில் யாரும் இதை முழுப்பெயரால் சொல்ல மாட்டார்கள், யூ.சி. என்றுதான் சொல்வார்கள். யூ.சி. போகவில்லை என்றால் அடுத்த தவணை வராது. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பிரிவுக்குள் நுழைந்தால் அந்த இரண்டெழுத்துகளைத் தவிர வேறு பேச்சே காதில் விழாது.

யூ.சி.யில் ஒரு வரி உண்டு: மானியத் தொகை வங்கியில் கிடந்த காலத்தில் ஈட்டிய வட்டி. அதை இந்தியத் தொகுநிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். நியாயமான விதி, பணம் மக்களுடையது. ஒருமுறை தாவரவியல் துறை அம்மையார் ஒருவரின் திட்டத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் வட்டி கணக்கில் காட்டப்படவில்லை. எங்கள் நிதிப் பிரிவில் எல்லாத் திட்டங்களின் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் இருந்ததால், அந்த வட்டியில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. கடிதம் போயிற்று, பதில் வந்தது, மறுபடியும் போயிற்று. இரண்டாம் தவணையான ஒன்பது லட்சம் பதினோரு மாதம் நின்றது. அவருடைய ஆய்வு ஒரு பருவத்தில் மட்டும் பூக்கும் செடிகளைப் பற்றியது. பதினோரு மாதம் என்றால் ஒரு பூப்பு. மூன்று பூப்புகளைப் பார்க்க வேண்டிய திட்டம் இரண்டோடு முடிந்தது. இறுதி அறிக்கையில் அதற்கான காரணத்தை, பாவம், "தட்பவெப்பச் சூழல்" என்று எழுதினார். எங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

2022 வாக்கில் மைய அரசின் திட்டங்களுக்குப் பூஜ்ய இருப்புக் கணக்கு முறை வந்தது. பணம் நம் கணக்கில் உட்காராது. செலவு செய்யும்போது மட்டும் மேலிருந்து இறங்கும். வட்டித் தொல்லை ஒழிந்தது. அதற்குப் பதிலாக, மார்ச் 31 அன்று செலவாகாமல் நிற்கும் ஒதுக்கீடு காலாவதியாகி, புதிய நிதியாண்டில் மறுபடியும் வரும்வரை காத்திருக்கும் தொல்லை பிறந்தது. இந்த இடைவெளியில் அடிபடுபவர் பேராசிரியர் இல்லை. அவருக்குச் சம்பளம் வேறு தலைப்பில் வந்துவிடும். திட்டத்தில் வேலை பார்க்கும் இளைஞருக்குத்தான் ஏப்ரல் முதல் மூன்று நான்கு மாதங்களுக்கு உதவித்தொகை வராது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக 2023 ஜனவரி முதல் உயர்ந்தது என்று செய்தித்தாள்களில் பெரிதாகப் போட்டார்கள். கைக்கு வராத தொகை எவ்வளவு உயர்ந்தால் என்ன என்று, விடுதிக் கட்டணம் கட்டாததால் சாப்பாட்டு அட்டை நிறுத்தப்பட்ட ஒரு பையன் என் மேசைக்கு முன் நின்று கேட்டான். சொந்த நிதியிலிருந்து இரண்டு மாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுசெய்துகொள்ள ஒரு சுழல்நிதி வைத்தால் போதும் என்று நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். "நிதி நிலைமை சீரடைந்த பின் பரிசீலிக்கலாம்" என்று சிவப்பு மையில் எழுதி அது கீழே வந்தது.

கொள்முதல் பற்றி நான் சொல்லப்போவது துறையில் இருப்பவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1998ஆம் ஆண்டின் ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம் ஒரு பக்கம். பணம் கொடுக்கும் மைய அமைப்பின் விதிகள் இன்னொரு பக்கம். அரசு மின்சந்தையான ஜெம் மூன்றாவது பக்கம். இவற்றுக்கு நடுவில், ஒரு குறிப்பிட்ட நிறுவனம் மட்டும் தயாரிக்கும் எதிர்ப்புரதம் ஒன்றுக்கு மூன்று விலைப்புள்ளிகள் கேட்போம். ஆய்வாளர் என்ன செய்வார்? வழக்கமான விற்பனையாளரைக் கூப்பிட்டு, "மூணு கொட்டேஷன் வேணும்" என்பார். மறுநாள் மூன்று நிறுவனங்களின் தலைப்புத்தாள்களில் மூன்று விலைகள் வந்து சேரும். ஒருமுறை அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே எழுத்துரு, மூன்றிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை, மூன்றிலும் தேதிக்குப் பின் தேவையற்ற ஒரு காற்புள்ளி. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, "மிகக் குறைந்த விலைப்புள்ளி அளித்த நிறுவனத்திடம் வாங்கலாம்" என்று குறிப்பெழுதி, கையொப்பமிட்டு, மேலே அனுப்பினேன். பிழையைப் பார்த்தேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன். அன்று சுட்டிக்காட்டியிருந்தால் எதிர்ப்புரதம் ஆறு மாதம் தள்ளிப்போயிருக்கும்; அந்தப் பேராசிரியர் ஒரு ரூபாய்கூடத் தன் பையில் போட்டுக்கொள்பவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். விதி மூன்று தாள்களைக் கேட்டது. நாங்கள் மூன்று தாள்களைக் கொடுத்தோம். நேர்மையான ஒருவரைச் சின்னப் பொய்க்குப் பழக்கப்படுத்தினோம் என்பதுதான் அந்தக் கோப்பில் மிச்சமாக நிற்பது. தணிக்கைக்கு வந்த உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் அதில் ஓர் ஆட்சேபணையும் எழுப்பவில்லை.

வரி மாறிய கதையும் உண்டு. ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த சலுகை ஜி.எஸ்.டி., 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டு, வழக்கமான 18 விழுக்காடு ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு அனுமதி பெற்ற திட்டங்களெல்லாம் 5 விழுக்காட்டுக் கணக்கில் போடப்பட்டவை. 20 லட்சம் ரூபாய்க் கருவிக்கு 21 லட்சம் ஒதுக்கி வைத்திருந்தவருக்கு இப்போது 23 லட்சத்து 60 ஆயிரம் வேண்டும். மீதி இரண்டு லட்சத்து 60 ஆயிரத்துக்கு எங்கே போவது? கருவியின் துணைப் பாகங்களைக் குறைத்து வாங்கினார்கள். கண்ணாடி இருக்கிறது, கேமரா இல்லை என்ற நிலையில் ஒரு நுண்ணோக்கியை நானே பார்த்திருக்கிறேன். 2025 ஜூனில் மைய நிதி அமைச்சகம் ஆராய்ச்சிக் கொள்முதலில் விதிகளைத் தளர்த்தி, விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை இரண்டு லட்சமாக உயர்த்தியது, துணைவேந்தரோ இயக்குநரோ ஜெம்முக்கு வெளியே வாங்க அனுமதிக்கலாம் என்றது. படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மாநிலச் சட்டத்தின் கீழ் இருக்கும் என் பழைய பிரிவுக்கு அது எப்போது, எந்த வடிவில் வந்து சேரும் என்று கணக்குப்போட்டபோது கொஞ்சம் குறைந்தது.

எங்கள் கண் கோப்பை விட்டு ஒருமுறையாவது வெளியே வந்ததா என்றால், வந்தது. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது. அதுவும் எங்கள் ஊரில் இல்லை.

தில்லிப் பல்கலைக்கழகம் 1968இல் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, அதன் உள்ளே கோபால்ட்-60, 1985க்குப் பிறகு பயன்பாடில்லாமல் கிடந்தது. 2010 பிப்ரவரி 26 அன்று பழைய பொருட்களோடு அதுவும் ஏலம் விடப்பட்டது. தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு அது போய்ச் சேர்ந்தது. உள்ளே இருப்பது என்னவென்று அறியாத தொழிலாளர்கள் ஈயக் கவசத்தைக் கழற்றி, கதிர்வீச்சு மூலத்தைத் துண்டுகளாக்கினார்கள். எட்டுப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், அவர்களில் ஒருவர் இறந்தார். பன்னாட்டு அணு விபத்து அளவுகோலில் அது நான்காம் நிலை. பல்கலைக்கழகம் தவற்றை ஒப்புக்கொண்டது. துணைவேந்தர் தார்மீகப் பொறுப்பேற்பதாகச் சொன்னார்.

அந்தச் செய்தியைப் படித்த என்னைப் போன்றவர்களுக்கு மற்றவர்களுக்குப் புரியாத ஒன்று புரிந்தது. அந்தக் கருவி திருட்டுத்தனமாக வெளியே போகவில்லை; ஏலத்தில், அலுவலக நடைமுறை வழியாகவே போயிற்று. எங்கள் அலுவலகத்தில் அதற்குக் கண்டெம் செய்வது என்று பெயர்: துறையிலிருந்து பட்டியல் வரும், குழு கூடும், இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்கும், ஏலத்துக்கு அனுப்பும். 25 ஆண்டுகள் எவரும் தொடாமல் இருந்தால் எந்தக் கருவியும் இருப்புப் பதிவேட்டின் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அந்த வரியில் எடை எழுதியிருக்கும், விலை எழுதியிருக்கும், உள்ளே இருப்பது கொல்லும் என்று எழுதியிருக்காது. அப்படிப்பட்ட பட்டியல்களில் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன்.

மே மாதம் எங்கள் பதிவாளர் மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தார்: ஒரு வேதியியல் பேராசிரியர், கட்டடப் பிரிவுப் பொறியாளர், நான். எல்லா அறிவியல் துறைகளின் சேமிப்பறைகளையும் திறந்து பார்க்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுப் பணியில் ஆய்வுக்கூடங்களுக்குள் முறையாகக் கால்வைத்தது அன்றுதான். கதிர்வீச்சுப் பொருள் எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் வேதியியல் துறையின் பின்னறையில், கீழ்த்தட்டில், துருப்பிடித்த மூடியுடன் ஒரு பழுப்புப் புட்டி இருந்தது. எடுத்துத் துடைத்துப் பார்க்கலாம் என்று கைநீட்டினேன். "கண்காணிப்பாளர் சார், தொடாதீங்க" என்றார் பேராசிரியர். அந்தக் குரலில் அவர் அதற்கு முன்னும் பின்னும் பேசி நான் கேட்டதில்லை. பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உராய்வே போதும், வெடித்துவிடும். வாங்கியவர் ஓய்வுபெற்று இருபது ஆண்டாகிறது. எங்கள் பதிவேட்டில் அது 500 கிராம், அவ்வளவுதான். அறையைப் பூட்டி, வெடிபொருள் பிரிவுக் காவலர்கள் வந்து எடுத்துப்போகும்வரை வராண்டாவில் நின்றோம்.

அந்தச் சுற்றில் நான் கற்றது இன்னொன்றும் உண்டு. ஆறு நாட்கள் துறை துறையாகப் போனதில், பத்தாண்டுகளாகக் கடிதம் வழியே மட்டும் தெரிந்த பேராசிரியர்கள் தங்கள் தேவைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவருக்கு எர்த் இணைப்பு சரியில்லை, ஒருவருக்குத் தண்ணீர் வடிப்பான் கெட்டு, பணம் திட்டத்தில் இருந்தும் எந்தத் தலைப்பில் கேட்பது என்று தெரியவில்லை, ஒருவருடைய யூ.சி. மூன்றாண்டாக எங்கள் பீரோவிலேயே தூங்குகிறது. குறை கண்டுபிடிக்கப் போனவர்கள் ஆறு நாட்களில் செய்த உதவி, நாற்காலியில் உட்கார்ந்து ஆறு ஆண்டுகளில் செய்ததைவிட அதிகம். குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. ஆண்டுதோறும் இந்தச் சுற்று நடக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரை ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு தேர்தல் வேலை இருந்தது. அதற்கடுத்த ஆண்டு, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகை. பிறகு கோப்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

நெறிமுறைக் குழு விவகாரத்தைச் சொல்லத் தயங்கினேன். சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஒப்பனையாகிவிடும். மனிதர்களை உட்படுத்தும் உடல்நல ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள்படி குழு வேண்டும். தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். சட்டம் தெரிந்தவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என்று உறுப்பினர்கள் வேண்டும். ஆய்வு தொடங்குவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். எங்கள் குழுவின் வழக்கறிஞர் உறுப்பினருடைய காலம் முடிந்து, புதியவரை நியமிக்கும் கோப்பு ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்தது. ஏழு மாதம் குழு கூடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளின் உறக்கத்தையும் மன அழுத்தத்தையும் பற்றி ஆய்வு செய்த பெண் ஒருவர் முறைப்படி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். பொதுத்தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது. தேர்வுக்கு முந்தைய மாதங்களே அவருடைய ஆய்வுக் காலம். தலைமையாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் எழுத்து வழி ஒப்புதல் பெற்றுக்கொண்டு தரவுகளைச் சேகரித்துவிட்டார்.

மறு ஆண்டு ஆய்விதழ் ஒன்று அனுமதி எண்ணைக் கேட்டது. அவர் என் மேசைக்கு வந்தார். பழைய கூட்டக் குறிப்பில் ஒரு பொருளாகச் சேர்த்து எண் கொடுத்துவிடலாமே என்று மேலிருந்து ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். முன்தேதியிட்டு அனுமதி வழங்க இயலாது என்று நான் குறிப்பு எழுதினேன். அது சரிதான், இன்றும் அதையே எழுதுவேன். அந்தப் பெண் ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலை முழுவதுமாக நீக்கினார். 340 மாணவிகளின் விடைத்தாள்கள் அட்டைப்பெட்டியில் கட்டப்பட்டு மூலையில் கிடந்தன. விதியை மீறியவர் தண்டனை பெற்றார் என்று கோப்பு சொல்லும். ஏழு மாதம் குழுவைக் கூட்டாத எங்களில் யாருக்கும் ஒரு விளக்கக் கடிதம்கூட வரவில்லை. அவர் படியிறங்கிப் போனபோது "பரவாயில்ல சார், நீங்க ரூல்படிதானே செஞ்சீங்க" என்றார். அந்த ஆறுதல் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் வந்த புதிதில் நடந்தது கொஞ்சம் சிரிப்பான சங்கதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. 40 வரை ஒரு படி, 60 வரை ஒரு படி, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. அறிவியல் துறை மாணவர்கள் 12, 14 என்று வந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, தமிழ்த்துறை ஆய்வேடுகள் வரிசையாகப் பூஜ்யம் வாங்கின. துறைத்தலைவர் பெருமிதத்தோடு அந்தச் சான்றுகளைச் சட்டமிட்டு மாட்டாத குறைதான். விஷயம் எழுத்துருவில் இருந்தது. தட்டச்சு மையங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டில் "தமிழ்" என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். உலகத்தில் எந்த நூலோடும் அது ஒத்துப்போகாது. சங்க இலக்கியத்தையே முழுதாகப் படியெடுத்துக் கொடுத்திருந்தாலும் மென்பொருள் அதைப் புத்தம் புதிய படைப்பு என்றே சொல்லியிருக்கும். 2010லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடு எனும் ஒருங்குறியை ஏற்றாயிற்று. எங்கள் சுற்றறிக்கை ஒருங்குறியைக் கட்டாயமாக்க அதற்குப் பிறகு பத்தாண்டுகள் ஆயின. அதுவரை பூஜ்யச் சான்றுகளை இணைப்பு எண்ணிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டே இருந்தோம். சான்று இருக்கிறதா என்பதே சரிபார்ப்புப் பட்டியலின் கேள்வி, இருந்தது.

இந்த இடத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் நினைவு வருகிறது. அங்கே தொழிலக ஆலோசனைக்கும் நிதியுதவி பெறும் ஆராய்ச்சிக்குமென்று ஐ.சி. அண்ட் எஸ்.ஆர். என்ற தனி அலுவலகமும் அதற்கென ஒரு புலத்தலைவரும் உண்டு. திட்டப் பணியாளர் நியமனம், கொள்முதல், கணக்கு எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். பணமும் ஆளும் அங்கே அதிகம், ஒப்பிடுவது சரியாகாது என்பார்கள். பணத்தை விடுங்கள்; ஆய்வு நடத்திய ஒருவர் ஆய்வு நிர்வாகத்தின் தலையில் இருக்கிறார் என்பதே பெரிய வித்தியாசம். எங்கள் பிரிவிலோ நேற்று வரை விடைத்தாள் எண்ணிக்கொண்டிருந்தவர் இன்று உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதுவார். அதைக் கற்றுக்கொள்வதற்குள் வாகனப் பிரிவுக்கு மாற்றப்படுவார். மேல்செலவு என்று ஒவ்வொரு திட்டத்திலும் பத்து விழுக்காடு அளவுக்கு வரும் தொகை, அந்தத் திட்டத்தை நடத்த நிறுவனத்துக்கு ஆகும் செலவுக்காகக் கொடுக்கப்படுவது. அது பொதுக் கணக்கில் விழுந்து, ஓய்வூதியத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடும். ஓய்வூதியம் வாங்கும் நான் இதைக் குறையாகச் சொல்வது வேடிக்கைதான். இருந்தாலும் அதில் பாதியை ஆராய்ச்சிப் பிரிவுக்கே விட்டிருந்தால், இரண்டு பேரை நிரந்தரமாக வைத்து, அவர்களை வாரம் ஒருநாள் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பியிருக்க முடியும் என்று கணக்குப்போட்டு வைத்திருக்கிறேன்.

நான் செய்த ஒரே சீர்திருத்தம் காகிதத்தில் ஒரு பக்கம்தான். ஒரு பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, உயிரித்தொழில்நுட்பத் துறைக்கு உலர்பனியில் பொதிந்த நொதிப் பெட்டி ஒன்று வந்தது. வாயிற்காவலர் கையொப்பமிட்டு வாங்கி, முறைப்படி, பண்டகப் பிரிவின் கதவோரம் வைத்தார். பண்டகக் காப்பாளர் ஊருக்குப் போயிருந்தார். இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் பொருளைத் துறைக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் வேறு யாரும் அதைத் தொடவில்லை. புதன்கிழமை திறந்தபோது பனி ஆவியாகிப் போய், ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் நொதிகள் வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தன. பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், உடனே உறைபெட்டியில் வைக்கவும் என்று இருந்தது. காவலர் தமிழ் மட்டும் படிப்பவர். பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினார்கள், ஏனென்றால் அட்டைப்பெட்டி நசுங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு தாளில், பெரிய எழுத்தில், "ஐஸ் பெட்டி, புகை வரும் பெட்டி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி எது வந்தாலும் உள்ளே வைக்காமல் உடனே கூப்பிடவும்" என்று தமிழில் அடித்து, ஒவ்வொரு துறையிலும் ஒருவருடைய கைப்பேசி எண்ணைக் கீழே எழுதி, யாரும் எடுக்காவிட்டால் என் எண் என்று கடைசியில் சேர்த்து, வாயில் கூண்டுக்குள் ஒட்டினேன். பதிவேட்டில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று பண்டகக் காப்பாளரிடம் வாய்மொழியாகப் பேசி முடித்தேன். எழுத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. அந்தத் தாளை யாரும் மாற்றவில்லை போலும். போன தீபாவளிக்கு முதல்நாள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. புதிய காவலர், குரல் இளசு. "சார், ஒரு பொட்டி வந்துருக்கு, பொகையா வருது. லிஸ்ட்ல இருக்குற யாரும் எடுக்கல." எந்தத் துறை பெயர் போட்டிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். அந்தத் துறையின் ஆய்வக உதவியாளர் வீடு வளாகத்துக்குப் பின்தெருவில்தான். பலகாரத்தை இறக்கி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். இருபது நிமிடத்தில், உறைபெட்டிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னார்.

அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எங்க கேட்ல யாரோட நம்பர் இருக்கு மாமா?" என்றாள்.